ஸ்டார்ட்டருக்குக் காயம், பேக்கப் தடுமாறுகிறார்: அணிக்கு முன்னால் இருக்கும் வழிகள்

அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எப்.எல்.-ல், 2025 செப்டம்பர் 14 அன்று சின்சினாட்டி பெங்கால்ஸின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஜோ பரோ கால் பெருவிரலில் அடிபட்டு வெளியேறினார். உள்ளே இறங்கிய பேக்கப் (மாற்று ஆள்) ஜேக் பிரவுனிங் அன்றைக்கு ஜாகுவார்ஸை 31-27 என்று ஜெயித்துக் கொடுத்தார். அடுத்த மூன்று ஆட்டங்களின் கணக்கு: 48-10, 28-3, 37-24. மூன்றுமே தோல்வி. இரண்டுக்கு இரண்டு ஜெயித்து நின்ற அணி மூன்றே வாரத்தில் 2-3, அதாவது இரண்டு வெற்றி, மூன்று தோல்வி.

இதில் வேடிக்கை என்னவென்றால், பிரவுனிங் ஒன்றும் ஆடத் தெரியாதவர் அல்ல. 2023-ல் பரோவின் மணிக்கட்டு போனபோது ஏழு ஆட்டங்களில் இறங்கி நான்கை ஜெயித்தவர். இரண்டே வருடத்தில் அதே ஆள், அதே கோச், பந்து பிடிக்கும் அதே ரிசீவர்கள், ஆனால் வேறு முடிவு.

என்.எப்.எல். பார்க்கும் நம்மவர்கள் கூடும் இடத்திலெல்லாம் அக்டோபர் வந்தால் இந்தப் பஞ்சாயத்து வந்துவிடும். பேக்கப்பையே நம்பி ஓட்டுவதா, பெஞ்சில் இருக்கும் அடுத்தவரை இறக்குவதா, வீட்டில் சும்மா இருக்கும் மூத்த ஆளைக் கூப்பிடுவதா, இன்னொரு அணியிடம் டிரேட் பேசுவதா? ஒவ்வொன்றுக்கும் ஒரு வெற்றிக் கதை கையில் இருப்பதால் வாதம் முடிவதே இல்லை. அதனால் கதைகளை ஓரமாக வைத்துவிட்டு, எடை போடும் படிக்கற்களை முதலில் பார்த்துவிடலாம்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி காலண்டர். ஸ்டார்ட்டர் (வழக்கமாக முதலில் இறங்குபவர்) எப்போது திரும்புவார்? காயப் பட்டியலில் ஒருவரைப் போட்டால் குறைந்தது நான்கு ஆட்டம் அவர் கிடையாது. நான்கு வாரப் பிரச்சினையும் பத்து வாரப் பிரச்சினையும் வேறு வேறு வியாதிகள், மருந்தும் வேறு.

இரண்டாவது, உண்மையில் உடைந்திருப்பது எது? குவார்ட்டர்பேக் மூன்று நொடியில் கீழே விழுந்துகொண்டே இருந்தால் அது அவரைக் காக்கும் ஆஃபென்சிவ் லைனின் கோளாறாகவும் இருக்கலாம். டிஃபென்ஸ் 37 புள்ளி விட்டுக்கொடுத்தால் யார் பந்து எறிந்தும் பயனில்லை. டிவியில் குவார்ட்டர்பேக் முகத்தைத்தான் காட்டுவார்கள், அதனால் பழியும் அங்கேயே போய் நிற்கும்.

மூன்றாவது கற்கும் நேரம். இது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சரியாகப் புரிவதில்லை. ஆட்டத்துக்குள் ஒரு பிளேவுக்கும் அடுத்ததுக்கும் நடுவே கடிகாரத்தில் 40 நொடி. ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ஸ்பீக்கரில் கோச்சின் குரல் கேட்கும். 15 நொடி மிச்சம் இருக்கும்போது அது தானாக அறுந்துவிடும். அந்த இடைவெளியில் பத்துப் பன்னிரண்டு சொல் நீளமுள்ள ஒரு அழைப்பைக் காதில் வாங்கி, வட்டத்தில் நிற்கும் பத்துப் பேருக்கும் தப்பில்லாமல் திருப்பிச் சொல்லி, வரிசையில் நிறுத்தி, எதிரணி நிற்கும் விதத்தைப் படித்து, தேவைப்பட்டால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். ஒரே உத்திக்கு ஒவ்வொரு அணியிலும் ஒவ்வொரு பெயர். புதிதாக வருபவர் கை வலுவோடு வரலாம், ஆனால் அந்த அணியின் பாஷையோடு வருவதில்லை.

பேக்கப்புக்கே இந்தத் தொல்லை உண்டு. வாரப் பயிற்சியில் முதல் அணியோடு எடுக்கும் ஸ்னாப்கள் (பந்து கைக்கு வந்து தொடங்கும் பிளேக்கள்) ஏறக்குறைய எல்லாமே ஸ்டார்ட்டருக்குத்தான். கிரிக்கெட்டில் ரிசர்வ் கீப்பர் ரஞ்சியிலாவது ஆடிக்கொண்டிருப்பார்; இங்கே அந்த வாசலும் அடைப்பு. சீசனுக்கு முந்தைய ஆட்டங்களும் 2021-லிருந்து நான்கிலிருந்து மூன்றாகிவிட்டன.

நான்காவது விலை. டிராஃப்ட் பிக் (புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு), சேலரி கேப்பில் (மொத்தச் சம்பளத்துக்கான உச்சவரம்பு) இடம், 53 பேர் பட்டியலில் ஒரு இருக்கை. இவை கணக்கில் தெரியும். அணிக்குள் இருக்கும் நம்பிக்கை கணக்கில் தெரியாது. 2023 செப்டம்பரில் நியூயார்க் ஜெட்ஸ் டிஃபென்ஸ், பேட்ரியாட்ஸை 15 புள்ளியில் நிறுத்தியது. ஆனாலும் 15-10 என்று தோற்றது. இப்படி நாலு வாரம் போனால் டிரஸ்ஸிங் ரூம் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

## வழி 1: அதே பேக்கப், ஆனால் பிளேபுக்கை (அணியின் உத்தித் தொகுப்பை) மாற்றி

என் கட்சி பெரும்பாலும் இதுதான். ஏன் என்பதற்கு 2017 சீசனே போதும். அந்த வருடம் இரண்டு பெரிய குவார்ட்டர்பேக்குகள் விழுந்தார்கள். இரண்டு அணிகளும் கையில் இருந்த பேக்கப்பையே நம்பின.

கிரீன் பே பேக்கர்ஸில் ஆரோன் ராஜர்ஸுக்கு அக்டோபரில் காறையெலும்பு முறிந்தது. பிரெட் ஹண்ட்லி வந்தார். ஒன்பது ஆட்டங்களில் மூன்று வெற்றி. சொந்த மைதானத்தில் பால்டிமோரிடம் 23-0, மின்னசோட்டாவிடம் 16-0. அந்த ஆஃபென்ஸ் ராஜர்ஸ் என்ற ஒரு ஆளின் கைவித்தையைச் சுற்றிக் கட்டப்பட்டது: திட்டம் உடைந்தாலும் ஓடித் தப்பித்து எதையாவது நடத்திக் காட்டுவார். அதே சட்டையை ஹண்ட்லிக்குப் போட்டுவிட்டார்கள், பொருந்தவில்லை.

பிலடெல்பியா ஈகிள்ஸில் கார்சன் வென்ட்ஸுக்கு டிசம்பர் 10-ல் முழங்கால் போனது. நிக் ஃபோல்ஸ் வந்தார். ஆரம்பத்தில் அவரும் தடுமாறத்தான் செய்தார். கடைசி வாரம் டல்லஸிடம் 6-0 தோல்வி. ஆனால் ஹெட் கோச் டக் பீடர்சனும் ஆஃபென்ஸ் கோச் ஃபிராங்க் ரைக்கும் இருவருமே தங்கள் காலத்தில் பேக்கப் குவார்ட்டர்பேக்குகளாக இருந்தவர்கள். 1993 ஜனவரியில் 35-3 என்று பின்தங்கிய பஃபலோ பில்ஸை 41-38 என்று ஜெயிக்க வைத்த பேக்கப் இதே ரைக்தான். ஃபோல்ஸ் 2013-ல் 27 டச்டவுன் (எதிரணியின் கோட்டைத் தாண்டி எடுக்கும் ஆறு புள்ளி), இரண்டே இன்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிரணி பிடிப்பது) என்று ஆடிய சீசனில் அவருக்கு என்ன பிடித்திருந்தது என்று பார்த்தார்கள். ஸ்னாப்புக்குப் பிறகு ஒரே ஒரு டிஃபெண்டரைப் பார்த்து, ஓட்டமா பாஸா என்று முடிவெடுக்கும் வகை பிளேக்களைக் கூட்டினார்கள். முதலிடத்தில் இருந்ததால் பிளேஆஃபில் ஒரு வாரம் ஓய்வும் கிடைத்தது. அதற்குப் பிறகு அட்லாண்டா, மின்னசோட்டா, கடைசியில் பேட்ரியாட்ஸை 41-33 என்று வென்று சூப்பர் பவுல், அதாவது லீக்கின் இறுதிக் கோப்பை. ஃபோல்ஸ்தான் அன்று ஆட்ட நாயகன்.

ஆளை மாற்றுவதற்கு முன் பிளேபுக்கை மாற்றினார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் அடுத்து வருபவரும் அதே குழியில் விழுவார்.

இதன் மறைவுச் செலவு காலம். பிளேபுக்கைத் திருத்தி, அது பழகி, பலன் தெரிய இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். ஈகிள்ஸுக்குக் கையில் வெற்றிகள் குவிந்திருந்தன, அதனால் அந்தச் செலவைத் தாங்கியது. 2-3 என்று நிற்கும் அணிக்கு அது எளிதல்ல. ஸ்டார்ட்டர் ஐந்தாறு வாரத்தில் வருவார், டிஃபென்ஸ் திடமாக இருக்கிறது என்றால் இந்த வழியே போதும். 2019-ல் டிரூ பிரீஸின் கட்டைவிரல் போனபோது டெடி பிரிட்ஜ்வாட்டர் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸுக்காக ஐந்து ஆட்டம் ஆடி ஐந்தையும் ஜெயித்தார். பேக்கப்புக்கு முன்கூட்டியே நல்ல சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள். ஜூலையில் வீண் செலவாகத் தெரிந்தது செப்டம்பரில் காப்பாற்றியது.

## வழி 2: பெஞ்சில் இருக்கும் மூன்றாமவர்

ரசிகர்களுக்குப் பிடித்த வழி. இதுவரை ஆடாதவர் இதுவரை தப்பும் செய்திருக்க மாட்டார் அல்லவா!

பிராக் பர்டியின் கதையை யாராவது எடுத்துவிடுவார்கள். 2022 டிராஃப்டில் 262-ஆவது, அதாவது கடைசி ஆள். சான்பிரான்சிஸ்கோவில் முதல் இரண்டு குவார்ட்டர்பேக்குகளும் அடிபட்ட பிறகு வந்து, லீக் சுற்றில் ஸ்டார்ட்டராக இறங்கிய ஐந்து ஆட்டங்களையும் ஜெயித்தார். உண்மைதான். ஆனால் சுற்றிலும் இருந்தது லீக்கின் மிக வலுவான அணிகளில் ஒன்று. அவர் காயத்தால் உள்ளே வந்தார், யாரும் கோபத்தில் தூக்கிப் போட்டதில்லை.

கோபத்தில் மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு 2023 ஜெட்ஸ். அங்கே போயிருந்த ராஜர்ஸ் சீசனின் நான்காவது ஸ்னாப்பிலேயே குதிகால் தசைநார் அறுந்து போனார். ஜாக் வில்சன் தடுமாறினார், நவம்பரில் உட்கார வைத்தார்கள். டிம் பாயில் வந்தார்: மயாமியிடம் 34-13, அட்லாண்டாவிடம் 13-8. மயாமி ஆட்டத்தின் முதல் பாதி முடியும் நேரத்தில் அவர் குருட்டாம்போக்கில் எறிந்த நீண்ட பந்தை ஜெவான் ஹாலண்ட் பிடித்து 99 யார்டு ஓடி டச்டவுன் போட்டதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். திரும்ப வில்சனிடமே போனார்கள்; அவர் ஹூஸ்டனை 30-6 என்று அடித்தார், அடுத்த வாரம் தலையில் அடிபட்டு வெளியேறினார். பிறகு டிரெவர் சீமியன். முடிவில் 7-10. ஆள்தான் மாறிக்கொண்டே இருந்தார், ஆட்டம் மாறவில்லை.

இளைஞர் என்றால் இன்னொரு செலவும் உண்டு. தயாராகாதவரை நெருப்பில் தள்ளினால் அவருடைய தன்னம்பிக்கையும் போகும், அவரை வைத்துப் போட்டிருந்த திட்டமும் போகும். 2023-ல் கிளீவ்லண்ட் பிரவுன்ஸ், டெஷான் வாட்சன் கடைசி நேரத்தில் விலகியதால் புதுமுகம் டோரியன் தாம்சன்-ராபின்சனை பால்டிமோருக்கு எதிராக இறக்கியது. மூன்று இன்டர்செப்ஷன், 28-3.

மூன்றாமவருக்கு பேக்கப்பிடம் இல்லாத ஏதோ ஒரு தெளிவான குணம் இருந்தால் சரி: வேகமான கால், அல்லது பந்தைச் சீக்கிரம் கைவிடும் பழக்கம். சீசன் கைவிட்டுப் போய், அடுத்த வருடத்துக்கு ஆளைச் சோதித்துப் பார்க்கும் டிசம்பருக்கும் சரி.

## வழி 3: வீட்டில் இருக்கும் மூத்த ஆள்

அதே பிரவுன்ஸ், அதே வருடம். வாட்சனின் சீசன் தோள்பட்டைக் காயத்தோடு முடிந்த பிறகு, நவம்பர் 20-ல் ஜோ ஃப்ளாக்கோவைப் பிராக்டிஸ் ஸ்குவாடில் (53 பேருக்கு வெளியே உள்ள பயிற்சிப் பட்டியல்) சேர்த்தார்கள். வயது 38. ஒரு டிராஃப்ட் பிக்கும் கொடுக்கவில்லை. முதல் ஆட்டம் தோல்வி, அடுத்த நான்கும் வெற்றி. அணி 11-6 என்று பிளேஆஃபுக்குப் போனது.

ஏன் பலித்தது என்பது முக்கியம். கோச் கெவின் ஸ்டெஃபான்ஸ்கியின் ஆஃபென்ஸ், கேரி கூபியாக் வழி வந்தது. ஃப்ளாக்கோ 2014-ல் பால்டிமோரில் அதே கூபியாக்கிடம் ஆடியவர். ஓட்டம் போலக் காட்டி நீளமாக எறியும் அந்தப் பாணி அவருக்குப் புதிதல்ல.

மறைவு விலையும் அதே கதையில் இருக்கிறது. ஐந்து ஆட்டங்களில் 13 டச்டவுன் எறிந்தவர் 8 இன்டர்செப்ஷனும் எறிந்தார். பிளேஆஃபில் ஹூஸ்டனிடம் இரண்டு இன்டர்செப்ஷன்கள் நேராக எதிரணியின் டச்டவுன் ஆகி, 45-14 என்று கதை முடிந்தது. கை இருக்கும், கால் இருக்காது. லைன் பலவீனமான அணி இந்த வழிப்பக்கம் தலைவைக்கக் கூடாது.

2011 இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் இதன் மறுபக்கம். பேய்டன் மானிங் கழுத்து அறுவை சிகிச்சையோடு முழு சீசனும் வெளியே. ஓய்வு அறிவித்திருந்த கெர்ரி காலின்ஸை ஆகஸ்டில் கூப்பிட்டார்கள். மூன்று ஆட்டம், மூன்றும் தோல்வி, பிறகு அவரும் காயம். சீசன் 2-14. அடுத்த டிராஃப்டில் முதல் ஆளாக ஆண்ட்ரூ லக் கிடைத்தார் என்பது தனிக் கதை. வேண்டுமென்றே தோற்பதும் ஒரு வழிதானே என்று இதைக் காட்டிக் கேட்பவர்கள் உண்டு. அக்டோபரில் அதை முடிவாக எடுக்கும் கோச் டிராஃப்ட் வரைக்கும் வேலையில் இருக்க மாட்டார்.

## வழி 4: டிரேட்

2016 ஆகஸ்ட் 30-ல் மின்னசோட்டா வைக்கிங்ஸின் டெடி பிரிட்ஜ்வாட்டர் பயிற்சியில் முழங்கால் உடைந்து விழுந்தார். செப்டம்பர் 3-ல் ஈகிள்ஸிடமிருந்து சாம் பிராட்ஃபர்டை வாங்கினார்கள். விலை, 2017-ன் முதல் சுற்று பிக்கும் 2018-ல் இன்னொரு பிக்கும்.

பிராட்ஃபர்ட் மோசமாக ஆடவில்லை. எறிந்ததில் 71.6 சதவீதம் கைசேர்ந்தது, அன்றைக்கு அது லீக் சாதனை. அணி 5-0 என்று தொடங்கி 8-8 என்று முடிந்தது. அடுத்த வருடம் முதல் வாரத்துக்குப் பிறகு அவர் முழங்கால் மறுபடி மக்கர் செய்தது. மலிவான ஒரு வருட ஒப்பந்தத்தில் பேக்கப்பாக வந்திருந்த கேஸ் கீனம் அந்த இடத்தை எடுத்துக்கொண்டு அணியை 13-3-க்குக் கொண்டுபோனார்.

விற்ற பக்கம் என்ன ஆனது? பிராட்ஃபர்ட் போனதால் வென்ட்ஸுக்கு வழி திறந்தது. வந்த முதல் சுற்று பிக்கில் ஈகிள்ஸ் டெரெக் பார்னெட்டை எடுத்தது. 2018 ஜனவரியில் கீனமும் ஃபோல்ஸும், அதாவது இரண்டு பேக்கப்புகள், என்.எப்.சி. (லீக்கின் இரண்டு பாதிகளில் ஒன்று) இறுதியில் மோதினார்கள், ஈகிள்ஸ் 38-7. அதற்கடுத்த சூப்பர் பவுலின் கடைசி நிமிடங்களில் பேட்ரியாட்ஸ் குவார்ட்டர்பேக் டாம் பிரேடியின் கையிலிருந்து தட்டிவிடப்பட்ட பந்தை அமுக்கியவர் அதே பார்னெட்.

மலிவான டிரேட்டும் உண்டு. 2023-ல் கர்க் கசின்ஸ் விழுந்ததும், இதே வைக்கிங்ஸ் ஆறாம் சுற்று பிக் ஒன்றைக் கொடுத்து அரிசோனாவிடமிருந்து ஜோஷ் டாப்ஸை எடுத்தது. வந்து சில நாளில், முதல் அணியோடு பயிற்சியில் ஒரு ஸ்னாப்கூட எடுக்காமல், அட்லாண்டாவில் ஆட்டத்தின் நடுவே இறங்கி 31-28 என்று ஜெயித்தார். விண்வெளிப் பொறியியல் படித்தவர் என்பதால் ஊரெல்லாம் அதே பேச்சு. நவம்பர் முடிவதற்குள் சிகாகோவிடம் நான்கு இன்டர்செப்ஷன், டிசம்பரில் பெஞ்ச். எதிரணிகளிடம் அவரைப் பற்றிய வீடியோ சேரச் சேர மவுசு குறைந்தது. புதியவர் கொண்டுவரும் வேகத்துக்கு ஆயுள் மூன்று நாலு வாரம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த வாரங்கள் போதுமா என்பதுதான் கணக்கு.

## வழி 5: ஸ்டார்ட்டரையே அவசரமாகத் திருப்பிக் கொண்டுவருவது

இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2012 டிசம்பரில் வாஷிங்டனின் ராபர்ட் கிரிஃபின் முழங்காலில் அடிபட்டார். அடுத்த வாரம் கசின்ஸ் இறங்கிக் கிளீவ்லண்டை 38-21 என்று வென்றார். நன்றாக ஆடும் பேக்கப் கையில் இருந்தும் கிரிஃபினைத் திரும்ப இறக்கினார்கள். ஜனவரி 6-ல் சியாட்டிலுக்கு எதிரான பிளேஆஃபில் அந்த முழங்கால் மொத்தமாக மடிந்தது. அவர் பழையபடி ஆகவே இல்லை.

## ஒரே பார்வையில்

| வழி | கணக்கில் தெரியும் விலை | மறைவு விலை | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|
| அதே பேக்கப், புது பிளேபுக் | ஏறக்குறைய இல்லை | பழக இரண்டு மூன்று வாரம் | ஸ்டார்ட்டர் ஆறு வாரத்துக்குள் வருவார், டிஃபென்ஸ் திடம் |
| மூன்றாமவர் | இல்லை | இளைஞரின் நம்பிக்கை, அணியின் பொறுமை | தனித்த குணம் உள்ளவர். கைவிட்டுப் போன சீசன் |
| மூத்தவர் | சிறு சம்பளம் | இன்டர்செப்ஷன், உடம்பு | பழகிய பாணி, நல்ல லைன் |
| டிரேட் | டிராஃப்ட் பிக் | மூன்று நாலு வாரத்தில் மங்கும் மவுசு. வருங்காலம் | சீசன் உயிரோடு இருக்கிறது, விலை பின்சுற்று |
| அவசர ஸ்டார்ட்டர் | இல்லை | அவருடைய எதிர்காலம் | யாருக்கும் இல்லை |

## பெங்கால்ஸ் எடுத்த முடிவு

2025 அக்டோபர் 7-ல் பெங்கால்ஸ் நான்காவது வழியில் போனது. வாங்கியது மறுபடியும் ஃப்ளாக்கோவை, வயது 40. கொடுத்தது பிரவுன்ஸ். ஒரே பிரிவில் இருக்கும், வருடத்துக்கு இரண்டு முறை மோதும் எதிரி, முதல் வாரத்தில் இதே ஃப்ளாக்கோவை இறக்கி பெங்கால்ஸிடம் 17-16 என்று தோற்ற அணி. விலை ஐந்தாம் சுற்று பிக் ஒன்று; ஃப்ளாக்கோவோடு ஆறாம் சுற்று பிக்கும் வந்தது.

படிக்கற்களில் வைத்துப் பார்ப்போம். பரோ திரும்பியது நவம்பர் கடைசியில்தான், ஆக காலண்டர் நீளம். பிக் விலை சின்னது. பிரவுனிங் மூன்று வாரமும் பிளேபுக்குக்குள் அடங்காமல், நான்கு ஆட்டத்தில் எட்டு இன்டர்செப்ஷன் எறிந்துவிட்டார். இந்த மூன்றிலும் டிரேட் பாஸ். வந்த ஐந்தாம் நாள் கிரீன் பேயிடம் 27-18 தோல்வி, அதற்கு நான்காம் நாள் பிட்ஸ்பர்க்கை 33-31 என்று வென்றார். அந்த ஆட்டத்தில் ரிசீவர் ஜமார் சேஸ் மட்டும் 16 பந்து பிடித்தார். ஃப்ளாக்கோ செய்தது ஒன்றுதான்: சந்தேகம் வந்தால் சேஸிடம் எறி.

இடித்தது இரண்டாவது படிக்கல்லில்: உண்மையில் உடைந்திருப்பது எது? அடுத்த இரண்டு ஆட்டங்களில் பெங்கால்ஸ் 38 புள்ளியும் 42 புள்ளியும் எடுத்தது. ஜெட்ஸிடம் 39-38, சிகாகோவிடம் 47-42 என்று இரண்டையும் தோற்றது. சிகாகோ ஆட்டத்தில் ஃப்ளாக்கோ அடிபட்ட தோளோடு 470 யார்டு எறிந்தார். எறிந்து என்ன? பரோ நன்றி தெரிவிக்கும் நாள் ஆட்டத்தில் திரும்பி பால்டிமோரை 32-14 என்று வென்றபோது சீசன் ஏற்கெனவே கையைவிட்டுப் போயிருந்தது. பிளேஆஃப் இல்லை.

டிரேட்டே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அந்த விலைக்கு அந்த நாளில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் தோல்விகள் தொடங்கிய வாரத்திலேயே டிஃபென்ஸைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும். உங்கள் அணி அடுத்த முறை இந்த நிலைக்கு வரும்போது, பேக்கப் எத்தனை இன்டர்செப்ஷன் எறிந்தார் என்று எண்ணுவதோடு, எதிரணி எத்தனை முறை தடையில்லாமல் மைதானம் முழுக்க நடந்து வந்து டச்டவுன் போட்டது என்றும் எண்ணிப் பாருங்கள். இரண்டாவது எண் பெரிதாக இருந்தால் குவார்ட்டர்பேக் டிரேட்டுக்கு வைத்திருக்கும் பிக்கை டிஃபென்ஸில் ஒரு நல்ல லைன்பேக்கருக்குச் செலவழிப்பது மேல்.